மூணு சுழி

"இதுல விரலாலயே ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்று கொரியர் தம்பி போனை நீட்டினார்.

அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் போட்டார்.

அம்மா பேரில் ஒரு மூணு சுழி ண வரும். பேனாவில் போட்டால் கோலம் மாதிரி சுழன்று நிற்கும். திரையில் அது உடைந்த வளையல் துண்டுகளாக விழுந்தது.

"என் கையெழுத்தே இல்லையே இது. கை நடுங்குதோ?"

நடுங்கலம்மா. நான் பார்ப்பதே இந்த ஆப் வேலைதான், எனக்குத் தெரியும்.

விரல் ஓடிய பாதை முழுசாகக் கிடைக்காது. பல போன்களில் நொடிக்கு சுமார் 60 புள்ளிகள்தான். வேகமாகச் சுழித்தால் அவை தள்ளித் தள்ளி விழும். நேர்கோட்டால் இணைத்தால் சுழி முனை முனையாகிவிடும். அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவே பெசியே வளைவு என்ற வழுவழுப்பான வளைகோட்டை ஓட்டினால் கோடு குழைந்து வரும். 1960களில் ரெனோ கார்களின் உடல் வளைவுகளுக்காக அங்கே என்ஜினியராக இருந்த பியர் பெசியே கையாண்ட கணக்கு அது. சில வரி புரோகிராம்தான். அதைக்கூட எழுதாமல் ஒரு மனுஷியைத் தன் கையையே சந்தேகப்பட வைக்கலாமா?

ராத்திரி உட்கார்ந்து எழுதி அம்மாவிடம் போனைக் கொடுத்தேன்.

மூணு சுழியும் வந்தது. அழித்துவிட்டு இன்னொரு தடவை போட்டார்.