மித்தா என்றால் முறை: பொத்தோசி நாட்குறிப்பு

8 ஆகஸ்ட் 2023, செவ்வாய்

சுக்ரேயிலிருந்து பொலிவியாவின் மலைச்சாலையில் மூன்றரை மணி நேரம். வழி முழுக்க ஏற்றம்தான். பொத்தோசி கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பையை மாட்டிக்கொண்டு விடுதியின் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. விடுதிக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கோகா இலை மிதக்கும் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சன்னலுக்கு நேரே மலை. செர்ரோ ரிக்கோ, பணக்கார மலை. நெல்லைக் குவித்து வைத்த மாதிரி ஒரே கூம்பு, துருப்பிடித்த இரும்பின் நிறம். 1545இல் ஸ்பானியர்கள் இங்கே வெள்ளி வெட்டத் தொடங்கினார்கள். அறுபது எழுபது வருடத்துக்குள், பயிர் பச்சை சரியாக விளையாத இந்தக் குளிரில், சுமார் 1,60,000 பேர் வாழும் நகரம் எழுந்துவிட்டது. அன்றைக்கு ஐரோப்பாவிலேயே அவ்வளவு பெரிய நகரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

9 ஆகஸ்ட், புதன்

நாணயச்சாலைக்குப் போனேன். இப்போது அருங்காட்சியகம். 1773இல் கட்டி முடித்த கட்டடம், கோட்டை மாதிரி சுவர். மேல் தளத்தில் வெள்ளிப் பாளத்தைத் தகடாக்கும் மரச் சக்கரங்கள் இன்னும் நிற்கின்றன. கீழ்த் தளத்தில் கோவேறு கழுதைகளைக் கட்டிச் சுற்றவிட்டுத்தான் இவற்றை ஓட்டியிருக்கிறார்கள்.

ரொம்ப நேரம் நின்றது ஒரு ஓவியத்தின் முன்னால். 18ஆம் நூற்றாண்டு, வரைந்தவர் பெயர் தெரியாது. மேரி மாதாவின் பாவாடையே அந்த மலை. முகமும் இரண்டு கைகளும் மட்டும் மலையிலிருந்து வெளியே தெரிகின்றன. அந்தப் பாவாடை மடிப்புக்குள் பொடிப்பொடியாக மனிதர்கள், லாமாக்கள், ஏறிப் போகும் பாதைகள். ஆண்டிஸ் மக்களுக்கு மலை தெய்வம், பூமி தாய். அந்தத் தாயை விட்டுக்கொடுக்காமல் மாதாவுக்குள் வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

இன்னொன்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதல் இருபத்தைந்து வருடம் வெள்ளியை உருக்கும் கலை உள்ளூர் மக்கள் கையில்தான் இருந்தது. வைரா என்ற சின்ன மண் உலை. உடம்பெல்லாம் துளை, மலைக்காற்றே துருத்தி. ராத்திரியில் சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான உலைகள் எரியுமாம். ஸ்பானியர்களின் துருத்தி இந்தக் கனிமத்திடம் தோற்றுப்போனது. 1570களில் பாதரசம் கலந்து வெள்ளி பிரிக்கும் முறை வந்த பிறகுதான் உருக்கும் தொழில் அவர்கள் கைக்கு மாறியது. பெருவின் உவான்காவெலிகா சுரங்கத்திலிருந்து பாதரசம் வந்தது. அரைத்த கனிமத்தோடு அதைச் சேர்த்து மிதித்துக் கலந்தவர்களும் இதே மக்கள்தான். வெறுங்காலோடு.

10 ஆகஸ்ட், வியாழன்

தலைவலி. எங்கும் போகவில்லை. மதியம் சந்தையில் சோபா தே மானி குடித்தேன், நிலக்கடலை அரைத்து வைத்த சூப். விழுப்புரம் பக்கத்தில் நாங்கள் கடலையை மணிலா என்போம். அப்பா ஒன்றரை ஏக்கரில் போடுவார். கடலைச் செடி பிறந்த மண் இந்தத் தெற்கு பொலிவியாப் பக்கம்தான். 1571க்குப் பிறகு ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிப் போயின. அந்த ஊர்ப் பெயர் எங்கள் கொல்லை வரை வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கிண்ணம் சூப்பில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

11 ஆகஸ்ட், வெள்ளி

சுரங்கத்துக்குள் போனேன். கூட்டி வந்தவர் முன்னாள் தொழிலாளி. பதின்மூன்று வயதில் உள்ளே இறங்கியவர். அவருடைய அப்பா நுரையீரலில் கல்தூசி படிந்து இறந்தாராம். இங்கே அதற்கு மால் தே மினா, சுரங்கநோய் என்று பெயர். போகும் வழியில் தொழிலாளர் சந்தையில் கோகா இலையும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டோம். உள்ளே வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க.

இருநூறு அடி போவதற்குள் குனிந்து நடக்க வேண்டியதாயிற்று. மேலே பாதுகாப்புக் கட்டை, அதில் பூஞ்சை. வாயில் செம்பு நாக்கைத் தொட்டது போல ஒரு ருசி. ஒரு முடுக்கில் தியோ உட்கார்ந்திருந்தார். களிமண் உருவம், கொம்பு, கண்ணாடிக் கண். வெளியே கடவுள் ஆள்கிறார், உள்ளே இவர் ஆள்கிறார். வெள்ளிக்கிழமை என்பதால் மடி நிறைய கோகா இலை, வாயில் பற்றவைத்த சிகரெட். "எங்கள் கெச்சுவா மொழியில் ‘ட’ (d) ஒலி கிடையாது. கடவுளை ‘டியோஸ்’ (Dios) என்று சொல்லச் சொல்லிப் பாதிரிமார் பயமுறுத்தினார்கள், எங்கள் ஆட்கள் வாயில் அது ‘தியோ’ (Tío) ஆகிவிட்டது" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தரையில் கொஞ்சம் சாராயம் ஊற்றினார்.

16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த யேசு சபைப் பாதிரியார் ஹோசே தே அகோஸ்தா எழுதியது நினைவுக்கு வந்தது. மாட்டுத்தோலை முறுக்கிச் செய்த ஏணி, ஒரு பக்கம் ஏறவும் மறு பக்கம் இறங்கவும். இருபது கிலோவுக்கு மேல் கனிமத்தைப் போர்வையில் கட்டி முதுகில் சுமந்து மூன்று மூன்று பேராக ஏறுவார்கள். முன்னால் போகிறவர் கட்டைவிரலில் மெழுகுவர்த்தி கட்டியிருக்கும். இரண்டு கையும் ஏணிக்கு வேண்டுமே.

12 ஆகஸ்ட், சனி

இதை மட்டும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும். மித்தா என்ற கெச்சுவாச் சொல்லுக்கு முறை என்று பொருள். ஸ்பானியர்களுக்கு முன் இங்கே ஆண்ட இன்கா அரசில் ஒவ்வொரு ஊரும் முறை வைத்துப் பாதை போட்டது, வாய்க்கால் வெட்டியது. வேலை நாளில் அரசு சோறு போட்டது, முறை முடிந்ததும் வீடு திரும்பலாம். 1570களில் வைசிராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தைப் பொத்தோசிச் சுரங்கத்துக்கான கட்டாய வேலையாக மாற்றினார். பதினாறு மாகாணங்கள், ஏழு ஆண்களில் ஒருவர், வருடத்துக்குச் சுமார் 13,500 பேர். கூலி உண்டு, ஆனால் சாப்பாட்டுக்கே காணாது. குஸ்கோ பக்கத்துக் கிராமத்தார் மனைவி, பிள்ளை, லாமா, உலர்ந்த உருளைக்கிழங்கு மூட்டையோடு பல வாரம் நடந்து வந்தார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை.

தப்பிக்க ஒரு வழி, சொந்த ஊரைவிட்டு ஓடுவது. வேறு ஊரில் ‘போராஸ்தேரோ’, அந்நியன் என்ற பெயரோடு நிலமில்லாமல் இருந்துவிடுவது. நோயிலும் ஓட்டத்திலும் ஊர்கள் காலியாயின, ஆனால் ஊர் அனுப்ப வேண்டிய ஆள்கணக்கு மட்டும் குறையவில்லை. குறைந்த ஆளுக்கு ஈடாக ஊர்த்தலைவர் வெள்ளி கட்ட வேண்டும். அதற்கு ஊர்ச் சொத்தை விற்க வேண்டும். ஒரு மலைக்காக ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவில் கிராமங்கள் கலைந்தன. பொத்தோசியின் கதையைப் பணத்தின் கதையாகவே எங்கும் சொல்கிறார்கள். எனக்கு இது ஊரைவிட்டு நடந்தவர்களின் கதை.

1812இல் ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் மித்தாவை ஒழித்துச் சட்டம் போட்டது. இரண்டரை நூற்றாண்டுக் கணக்கு.

14 ஆகஸ்ட், திங்கள்

காலை ஆறரை. இன்னும் உறைபனி. பேருந்துக்குக் காத்திருக்கும்போது எதிரே மலைக்குப் போகும் வண்டி வந்து நின்றது. தலைக்கவசம், கன்னத்தில் கோகா உருண்டை, கையில் சாப்பாட்டுப் பொட்டலம். 1985இல் தகரத்தின் விலை சரிந்து அரசுச் சுரங்கங்கள் மூடிய பிறகு கூட்டுறவுச் சங்கங்களாக இவர்கள்தான் வெட்டுகிறார்கள், துத்தநாகமும் ஈயமும் கொஞ்சம் வெள்ளியும். மலை உச்சி உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ பொத்தோசியை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மித்தா நாட்களிலும் திங்கட்கிழமைதான் மலையடிவாரத்தில் ஆள் எண்ணுவார்கள்.

என்னைக் கூட்டிப்போனவரும் நின்றிருந்தார், மகனை வண்டி ஏற்றிவிட. மீசை அரும்பும் வயது. "பள்ளி லீவுக்கு மட்டும்தான்" என்றார் என்னிடம். பையன் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தான். அவர் வண்டி வளைவு திரும்பும் வரை தொப்பியைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார்.