அரை அங்குலமும் ஒரு அம்புக்குறியும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் காலைப் பொழுது முழுவதும் போனது. ஒரு சாக்குக்கு அடியில் கறுத்துக் கிடந்தது இந்த இருமுனை ஸ்பேனர். கடைக்காரர் தராசில் போட்டு, "இரும்புக்கு இரும்பு விலைதானுங்க" என்றார். முகத்தை வாடலாக வைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

வீட்டில் தேய்த்துப் பார்த்தால், ஒரு முனையில் 1/2 டபிள்யூ, மறு முனையில் 7/16 டபிள்யூ. வெர்னியர் அளவுமானியை வைத்தால் அரை அங்குல வாய் 23.4 மில்லிமீட்டர் காட்டுகிறது! அரை அங்குலம் என்பது 12.7 அல்லவா? பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். 'டபிள்யூ' என்றால் விட்வொர்த்; ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரை முறை இது. எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தடிமன். ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல.

ஜனவரி 8, புதன்

மின்சாரத்தால் துரு நீக்க வாளித் தண்ணீர், சலவைச் சோடா, பாட்டரி சார்ஜர். நெகட்டிவ் ஸ்பேனரில், பாசிட்டிவ் துருப்பிடித்த இரும்புத் தகட்டில். எவர்சில்வர் தகடு கூடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். சமையலறைத் தட்டுகளுக்கு ஆபத்தில்லை என்று இதைச் சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன்.

மாலையில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது தண்டின் நடுவில் மூன்று கோடுகள் தெரிந்தன: பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதற்கான அம்புக்குறி. பக்கத்தில் 1942. குரோம் பூச்சு இல்லை. போர்க்காலத்தில் குரோமியமும் நிக்கலும் ஆயுதங்களுக்குப் போய்விட்டன. சென்ற வருடம் இப்படி ஒன்றை ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்தேன். கண்ணாடிபோல் திரும்பி வந்தது, அம்பும் ஆண்டும் இல்லாமல். இனி யார் கையிலும் கொடுப்பதாக இல்லை.

போரின்போது கோவை அருகே சூலூரில் பிரிட்டிஷ் கடற்படை விமானத் தளம் இருந்தது. அங்கிருந்து வந்ததென்று சொல்ல ஆசைதான். சாட்சி இல்லை.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்). அன்னூர்ப் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டம். கிணற்றோரத்து ஆயில் எஞ்சினில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். மூன்று நட்டுகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. நான்காவதில் லொடலொடத்தது. போல்ட் என்னவோ அதே அரை அங்குலம்தான். திருப்பி 7/16 முனையைப் போட்டேன், பிடித்துக்கொண்டது. 1941இல் போருக்காக எஃகை மிச்சப்படுத்த பிரிட்டனில் நட்டுத் தலையை ஓர் அளவு குறைத்துவிட்டார்கள், மரை மாறவில்லை. நான்காவது நட்டு பிறகு வந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "அதை மாற்றியது நான்தான். கடைக்காரன் சின்ன நட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேனே" என்றார். பிறகு, "ஸ்பேனர் இங்கேயே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார்.

காதில் விழாததுபோல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.