டாஃபைட்: ஸ்பினல் பொட்டலத்தில் தேட வேண்டிய கல்

வெளிர் ஊதா ஸ்பினல் என்று விலை பேசப்படும் கற்களில் எப்போதாவது ஒன்று ஸ்பினலே அல்ல, டாஃபைட். நிறம், பளபளப்பு, எடை எல்லாம் ஒத்துப்போகும். கடினம்கூட இரண்டுக்கும் மோஸ் அளவில் (வைரம் 10 என்ற கடின அளவுகோல்) 8ஐ ஒட்டியே இருக்கும். டாஃபைட் அரிய கனிமம் என்பது உண்மைதான். ஆனால் அது கண்ணில் படாமல் போவதற்கு அரிதாக இருப்பது மட்டுமே காரணமல்ல. பாதிப் பழி ஸ்பினலோடு அது கொண்டிருக்கும் இந்த உருவ ஒற்றுமைக்குத்தான்.

கண்டுபிடிக்கப்பட்ட விதமே இதற்குச் சாட்சி. 1945 அக்டோபரில் டப்ளினில் ரிச்சர்ட் டாஃப் என்ற இரத்தினவியலாளர், ஒரு நகைக்கடைக்காரரிடம் பழைய நகைகளிலிருந்து கழற்றிய கற்களை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். 1.419 காரட் எடையுள்ள வெளிர் ஊதாக் கல் ஒன்று ஸ்பினல் போலவே இருந்தது. ஆனால் நுண்ணோக்கியில் அதன் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினல் கனசதுரப் படிகம், அதில் ஒளி இரண்டாகப் பிரியாது; அப்படித் தெரியவே கூடாது. கல் லண்டன் ஆய்வகத்தில் பி. டபிள்யூ. ஆண்டர்சன் என்ற இரத்தினவியலாளரிடம் போனது. எக்ஸ்-கதிர் ஆய்வு அது புதுக் கனிமம் என்றது; வேதியியல் ஆய்வு பெரிலியம் இருப்பதைக் காட்டியது. 1951இல் விவரம் வெளியானது. பட்டை தீட்டிய கல்லிலிருந்தே ஒரு புதுக் கனிமம் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல்முறை. எந்த மண்ணில் கிடைத்தது என்று அந்தக் கல்லால் சொல்ல முடியவில்லை. பிறகு கிடைத்த கற்கள்தான் இலங்கையைக் காட்டின.

முதல் ஆய்வில் எழுதிய வாய்பாடு தவறு. அதில் மெக்னீசியமும் பெரிலியமும் சம அளவில் இருப்பதாகக் கொண்டார்கள். 1980களில் படிக அமைப்பை மறுபடி ஆராய்ந்தபோது சரியான கணக்கு கிடைத்தது: பெரிலியம் 1, மெக்னீசியம் 3, அலுமினியம் 8, ஆக்சிஜன் 16. இதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பங்கு ஸ்பினலும் (மெக்னீசியம்-அலுமினியம் ஆக்சைடு) ஒரு பங்கு கிரைசோபெரிலும் (பெரிலியம்-அலுமினியம் ஆக்சைடு). எடைக் கணக்கில் பெரிலியம் ஆக்சைடு சுமார் 4.5 சதவீதம்தான். அந்தச் சிறு பங்கு ஆக்சிஜன் அடுக்குகளின் வரிசையை மாற்றி, கனசதுர அமைப்பை அறுகோண அமைப்பாக்கிவிடுகிறது. கல்லை அடையாளம் காண நமக்குக் கிடைக்கும் ஒரே பிடி இந்த மாற்றம்தான்.

இது ஏன் இவ்வளவு அரிது? பெரிலியம் உள்ள பாறையில் சிலிக்கா தாராளமாக இருந்தால் பெரில் உருவாகும், அதாவது மரகதத்தின் குடும்பம். சிலிக்கா குறைந்து அலுமினியம் மிகுந்தால் கிரைசோபெரில். சிலிக்கா குறைவு, அலுமினியம் மிகுதி, கூடவே மெக்னீசியமும் வேண்டும், இவற்றோடு பெரிலியமும் வந்து சேர வேண்டும் என்றால், அப்படிப்பட்ட இடம் பூமியில் மிகச் சில. மெக்னீசியம் நிறைந்த சுண்ணப்பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறிய பகுதிகளும், அவற்றை ஒட்டிச் சூடான திரவங்களால் வேதிமாற்றம் அடைந்த ஸ்கார்ன் பாறைகளும்தான் பொருத்தமானவை. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் அப்படியொரு பாறையில் கிடைத்திருக்கிறது. நகைக்கேற்ற கற்கள் வருவது பெரும்பாலும் ஆற்றுச் சரளையிலிருந்து: இலங்கையின் இரத்தினபுரிப் பகுதி, தான்சானியாவின் டுண்டுரு, மியான்மரின் மோகோக். தாய்ப்பாறை சிதைந்தபின் கடினமும் அடர்த்தியும் இருப்பதால் ஸ்பினல், நீலக்கல், கிரைசோபெரிலோடு இதுவும் சரளைப் படுகையில் தங்கிவிடுகிறது. உருண்டு தேய்ந்து வருவதால் படிக வடிவத்தை வைத்து இனம் பிரிக்க வழியில்லை.

இனி சோதனை. லூப்பில் (கையடக்க உருப்பெருக்கி) இரட்டைப் பிம்பம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தெரிந்தால் நல்லது, தெரியவில்லை என்பதற்காகக் கல்லை ஒதுக்காதீர்கள். இரட்டை விலகல், அதாவது கல்லுக்குள் இரண்டாகப் பிரியும் ஒளியின் இரு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம், வெறும் 0.004. 5 மி.மீ. ஆழமுள்ள கல்லில் மிகச் சாதகமான திசையில் பார்த்தாலும் இரு பிம்பங்களுக்கு இடையே 0.01 மி.மீ. அளவுதான் விலகல் இருக்கும். 10 மடங்கு லூப்புக்கு அது எல்லைக்கோடு. ஒளியச்சு (ஒளி இரண்டாகப் பிரியாத திசை) வழியே பார்த்தால் அதுவும் இருக்காது. 30 அல்லது 40 மடங்கு நுண்ணோக்கியில், கல்லைச் சாய்த்துச் சாய்த்து, பின்பக்கத்து விளிம்பையோ ஒரு தூசியையோ பார்க்க வேண்டும்.

தீர்ப்பு சொல்லக்கூடியது ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். ஸ்பினல் 1.718 அருகே ஒரே கோடு காட்டும். டாஃபைட் காட்டுவது இரண்டு, ஏறத்தாழ 1.719ம் 1.723ம். வெள்ளை விளக்கில் நிழலின் விளிம்பில் வானவில் படர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி கட்டாயம். கல்லுக்கும் கருவிக்கும் இடையே விடும் தொடுதிரவம் ஒரு சிறு துளி போதும். அதிகமானால் கல் மிதந்து கோடு மங்கும். கண்வில்லையின்மேல் போலராய்டு ஃபில்டரை வைத்து 90 பாகை திருப்புங்கள். கோடு துள்ளினால் அது ஸ்பினல் அல்ல. துள்ளாவிட்டாலும் அதோடு நிறுத்தக் கூடாது. கல்லை 30 பாகை வீதம் அரைவட்டம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஃபில்டரைச் சுழற்றிப் பாருங்கள். சில நிலைகளில் இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒரே நிலையில் பார்த்துவிட்டு 'ஸ்பினல்' என்று எழுதிவிடுவது இங்கேதான் நடக்கிறது. உயர்ந்த கோடு அசையாமல், தாழ்ந்தது நகர்ந்தால் கல் ஓரச்சு எதிர்க்குறி கொண்டது (ஒளியச்சு ஒன்றே, அசையாத எண்ணே பெரியது). டாஃபைட்டுக்கு அது பொருந்தும்.

குறுக்காக வைத்த இரு போலராய்டு தகடுகளுக்கிடையே கல்லைச் சுழற்றும் போலாரிஸ்கோப்பில் டாஃபைட் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருளும். இதில் ஒரு பொறி உண்டு. தீச்சுடர் முறையில் செய்த செயற்கை ஸ்பினல் உள்ளழுத்தத்தால் வரிவரியாக மினுங்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு இரட்டை விலகல் போலவே தோன்றும். அதன் ஒளிவிலகல் எண் 1.728, அதுவும் ஒரே கோடு. இரண்டு கருவியையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் வராது.

ஒப்படர்த்தியை நம்பிப் பயனில்லை. டாஃபைட் 3.61, ஸ்பினல் 3.60. ஒன்றரைக் காரட் கல்லை நீரில் நிறுத்தால் எடையிழப்பு சுமார் 0.416 காரட். அதில் 0.005 காரட் பிசகினாலே விடை 0.04 மாறிவிடும். ஒட்டிய ஒரு குமிழி போதும் அதைச் செய்ய.

கல்லில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருக்கும் கடைகள் இப்போது பெருகிவிட்டன. அதன் முடிவையும் இங்கே கண்மூடி ஏற்கக் கூடாது. பெரிலியம் மிக இலேசான தனிமம் என்பதால் அந்தக் கருவிக்குத் தெரியாது. மெக்னீசியமும் அலுமினியமும் மட்டும் திரையில் வரும். கருவி ஸ்பினல் என்று சொல்லிவிடும். பெரிலியத்தைப் பார்க்க லேசர் வழி ஆய்வு வேண்டும்.

டாஃபைட் என்று உறுதியானபின் இன்னொரு கேள்வி மிஞ்சும்: மஸ்கிராவைட்டாக இருக்குமோ? தென் ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரில் 1967இல் விவரிக்கப்பட்ட இந்தக் கனிமத்தில் ஸ்பினல் பங்கு மூன்றல்ல, இரண்டு. ஒளிவிலகலும் அடர்த்தியும் டாஃபைட்டோடு மேற்படிவதால் மேசைக் கருவிகள் எதுவும் இங்கே உதவாது. லேசர் ஒளி கல்லில் சிதறும் விதத்தைப் பார்க்கும் ராமன் நிறமாலையோ எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலோதான் வழி. ராமனுக்குக் கல்லைச் சுரண்ட வேண்டியதில்லை, சில நிமிட வேலை. மஸ்கிராவைட்டுக்கு விலை கூடுதல் என்பதால், விற்பவர் வெறும் ரிஃப்ராக்டோமீட்டர் எண்ணைக் காட்டி அந்தப் பெயரைச் சொன்னால் டாஃபைட் விலைக்கு மேல் போகாதீர்கள். ராமன் அறிக்கையின் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.