ஆடும் படகில் ஒரு காபி

படகிலேயே குடியிருக்கிறோம் என்று சொன்னதும் எல்லாரும் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். புயல் எப்போதாவது வருவது. காபி தினமும் காலையில் வந்தாக வேண்டும். அதைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

என் தம்பி கேட்டான். கேட்டதோடு நிற்கவில்லை. எங்களோடு சில நாள் தங்க வந்தவன் ஒரு பெட்டி நிறைய சாமான்களோடு வந்து இறங்கினான். நீண்டு வளைந்த மூக்குள்ள மின்சாரக் கெட்டில், கண்ணாடிக் கூம்பு, கண்ணாடிக் குடுவை, காகித வடிகட்டி, கையால் சுற்றுகிற அரவை, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் டிஜிட்டல் தராசு. "நீயும் மாமாவும் குடிக்கிறது காபியே இல்லக்கா. நாளைக்குக் காலைல பாரு" என்றான்.

என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்தால், வேடிக்கை பார்க்க நல்ல இடமாகப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

காலையில் முதல் வேலையாகக் கெட்டிலைச் செருகினான். 1200 வாட். கரையில் அது ஒரு விஷயமே இல்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் 100 ஆம்பியர் இழுக்கும், இன்வெர்ட்டர் வழியில் தின்பது தனிக் கணக்கு. எங்களுடையதோ போனுக்கும் லேப்டாப்புக்கும் சார்ஜ் போட வாங்கிய சின்ன இன்வெர்ட்டர். கெட்டிலின் விளக்கு எரிந்ததுதான் தாமதம், அது வீல் என்று அலறிவிட்டுத் தானே அணைந்துபோனது.

சரி, எங்கள் அடுப்புக் கெட்டிலும் கேஸும்தான். கேஸும் நினைத்தவுடன் பற்றவைக்கிற சமாச்சாரம் இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம். படகில் அது அடியில் போய்த் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டு இருக்கும். அதனால்தான் சிலிண்டருக்கு மேல்தளத்தில் தனிப் பெட்டி. ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி வால்வைத் திறக்க வேண்டும், முடிந்ததும் மூட வேண்டும், குழாயில் மிச்சம் இருப்பது எரிந்து தீர்வதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைத் திருகி மூட வேண்டும். மழை பெய்யும் காலையில் யார் மேலே போவது என்பதில் எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அடங்கும்.

அடுப்பு இரண்டு பக்கமும் முளையில் தொங்குகிறது. படகு பக்கவாட்டில் சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். பார்க்கிறவருக்கு அடுப்பு ஊஞ்சலாடுவதாகத் தோன்றும், உண்மையில் ஆடுவது நாம்தான். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் முகம் கொஞ்சம் வெளுத்தது. முன்னும் பின்னும் தூக்கிப் போடுகிற ஆட்டத்துக்கு இந்த ஏற்பாடு உதவாது. அதற்காகத்தான் பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்க இரும்புக் கவ்விகள்.

அடுத்தது தராசு. 15 கிராம் வேண்டுமாம். கொட்டைகளைப் போட்டான். 14.2 என்றது. இரண்டு கொட்டை சேர்த்தான், 15.9. ஒன்றை எடுத்தான், 13.8. ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், 16.1. "பேட்டரி தீர்ந்துபோச்சு போல" என்றான். அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு மாப்ள. படகு மேல ஏறும்போது கனம் கூடும், இறங்கும்போது குறையும். நீ நடுவுல பிடி."

நடுவில் பிடித்தான். பிறகு அரைத்தான். ஒரு கை உனக்கு, ஒரு கை படகுக்கு என்பது கடலோடிகளின் பழைய விதி. அரவைக்கு இரண்டு கையும் வேண்டும். படகின் பங்குக்கு முதுகைக் கொடுத்துச் சுவரில் அண்டிக்கொண்டான். தண்ணீரை மெதுவாக வட்டம் வட்டமாக ஊற்ற வேண்டும் என்று விளக்கம் வேறு. கெட்டிலை ஆடாமல் பிடித்தாலே போதும், வட்டத்தைப் படகு போட்டுக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் நன்றாகவே ஊற்றினான். குடுவையில் இறங்கிய காபியின் நிறமும் மணமும், சொல்லத்தான் வேண்டும், பிரமாதம்.

கெட்டிலைத் திரும்ப அடுப்பில் வைத்துக் கவ்வியை மாட்டிவிட்டு, வடியட்டும் என்று நின்றான். எங்கோ ஒரு விசைப்படகு போகிற சத்தம் கேட்டது. சத்தம் தேய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அலை வரும். படகுவாசிகளுக்கு அந்தச் சத்தம் கேட்டதுமே கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும். நான் கோப்பைகளைப் பிடித்தேன். இவர் சர்க்கரை டப்பாவைப் பிடித்தார். அலை வந்தது. தம்பி தராசைப் பிடித்தான்.

சாமான் விழாமல் இருக்க மேடை ஓரத்தில் கட்டை அடித்திருக்கும். குடுவையின் அடி அதில் முட்டி நின்றது. மேல்பாதி நிற்கவில்லை. கூம்பு, வடிகட்டி, காபி எல்லாம் தரைக்குப் போயின. தரைப்பலகையின் இடுக்கு வழியாகக் காபி மட்டும் பில்ஜுக்குப் பயணத்தைத் தொடர்ந்தது. படகின் அடியில் டீசலும் பழைய கடல்நீரும் கூடிக் குடித்தனம் நடத்துகிற இடம் அது. அன்றைக்கு அங்கே உயர்ந்த ரகக் காபி மணந்தது, டீசல் சற்றுத் தூக்கலாக.

அப்புறம் இவர் எழுந்து எங்கள் வழக்கப்படி போட்டார். கோப்பையைச் சிங்க்குக்குள் வைத்தார். படகுச் சிங்க் ஆழமானது. சூடான எதையும் ஊற்றுவது அதற்குள்தான், சிந்தினால் ஓட்டை வழியே போய்விடும், தொடையில் கொட்டாது. நடுக்கடலில் இதற்கும் மேலே போய் மழைக்கால்சட்டை போட்டுக்கொண்டுதான் வெந்நீர் வைப்போம். டாக்டர் பல நாள் தூரத்தில் இருக்கும்போது வெந்த காலோடு விளையாட முடியாது. கோப்பைமேல் ஏரோபிரஸ், தூளையும் வெந்நீரையும் போட்டுக் கையால் அழுத்தி வடிக்கிற குழல். 2005-இல் அதைக் கொண்டுவந்த ஆலன் ஆட்லர், அதற்கு முன் ஏரோபீ என்ற பறக்கும் வளையத்தைக் கண்டுபிடித்தவர். நல்லவேளை, இது பறக்காது. பிளாஸ்டிக் என்பதால் உடையவும் செய்யாது. ஆட்லர் சொன்ன சூடு 80 டிகிரியை ஒட்டித்தான், அதனால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை கேஸைச் செலவழிக்க வேண்டாம். அழுத்தி முடித்தால் சக்கை காய்ந்த வில்லையாக வெளியே விழும். தூளைத் தண்ணீரிலேயே ஊறவிட்டுச் சல்லடையால் அடியில் அமுக்குகிற பிரெஞ்சு பிரஸ்ஸை நாங்கள் கைவிட்டதே இதனால்தான். அந்தச் சேற்றைக் கழுவப் போகிற தண்ணீரில் இன்னொரு ரவுண்டு காபி போடலாம், மிச்சம் மீதி போய்க் குழாயையும் அடைக்கும்.

தம்பி ஒரு வாய் குடித்தான். "தண்ணில ஏதோ வாசம் வருதுக்கா." வரும், அது தொட்டித் தண்ணீர். கரி வடிகட்டி போட்டும் இவ்வளவு. கடல்நீரைச் சுத்திகரிக்கும் எந்திரம் வைத்திருக்கும் படகுக்காரர்களுக்கு நேர்மாறான குறை, உப்புகள் எல்லாம் கழிந்துபோய் அவர்கள் காபி சப்பென்று இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது கோப்பையையும் வாங்கிக்கொண்டான்.

ஊருக்குப் போகும்போது தராசை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனான். இவர் தினமும் காலையில் அதன்மேல் ஒரு காலிக் கோப்பையை வைத்துப் பார்க்கிறார். எண் அசையாமல் நின்றால், அடுப்பில் வைத்து நீராவியால் காபியை மேலே ஏற்றும் மோக்கா பாட். அதன் அடி சின்னது, அமைதியான நாளில்தான் நம்ப முடியும். கொஞ்சம் ஆடினால் ஏரோபிரஸ். நிற்காமல் ஓடினால் பிளாஸ்க் வெந்நீரும் இன்ஸ்டன்ட் தூளும். கடைசியில் சொன்னதைத் தம்பியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.