பால்சாக் மேல் கட்டிய சீட்டு வீடு

புதுச்சேரிக்காரர்கள் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம், இந்த ஆங்கிலேயப் படத்தை. ஓவியர் அகஸ்டஸ் எக் 1858இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்த மூன்று ஓவியங்கள், இன்று ‘Past and Present’ என்ற பெயரில் கிடைக்கும். மனைவி வழிதவறியது கணவனுக்குக் கடிதத்தில் தெரிகிறது, குடும்பம் சிதறுகிறது.

கடிதக் காட்சியைப் போனில் சின்னதாகப் பார்த்தால் விழுந்து கிடக்கும் பெண் மட்டுமே தெரிவாள். பெரிய படமாக இறக்கிக்கொண்டு சாமான்களைப் பாருங்கள். வெட்டிய ஆப்பிளில் ஒரு பாதி அவள் பக்கம் தரையில். மேசைமேல் இருக்கும் மறுபாதியில் கத்தி குத்தி நிற்கிறது. கணவனின் காலடியில் கள்ளக்காதலனின் சிறு உருவப்படம். பிள்ளைகள் கட்டிய சீட்டு வீடு சரிகிறது. அதற்கு அடித்தளம் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் நாவல்! மற்ற இரண்டு படங்களில் ஒன்று மகள்களைக் காட்டுகிறது. இன்னொன்றில், அவள் ஒதுங்கியிருக்கும் தேம்ஸ் கரை வளைவில், பாரிஸ் உல்லாசப் பயண விளம்பரம். கெட்டதெல்லாம் பிரான்ஸிலிருந்துதான் வருமாம்.

பிரிண்ட் எடுத்தால் கடிதக் காட்சியை நடுவில் வையுங்கள், எக் வைத்ததும் அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினால் மகள்கள் காட்சிக்குப் பல நாள் கழித்துத் தாய் தெருவுக்கு வந்ததாகத் தோன்றும். இரண்டிலும் அதே நிலா, அடியில் அதே மேகத் துணுக்கு. ஒரே இரவு, ஒரே நேரம். ஜெராக்ஸ் கடையில் இருட்டுப் பகுதி கருத்துப்போய் அந்த மேகம் காணாமல் போகும். முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காதலனுக்கு என்ன தண்டனை? படத்தில் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் 1857 விவாகரத்துச் சட்டமும் அதே வார்ப்புதான்: மனைவியின் சோரம் மட்டுமே கணவனுக்குப் போதுமானதாக இருந்தது, மனைவி கேட்டால் கணவனின் சோரத்தோடு கொடுமை, கைவிடல் என்று கூடுதலாகவும் நிரூபிக்க வேண்டியிருந்தது.