ரிவால்வரா, பிஸ்டலா: நான் ஏன் பிஸ்டலை எடுத்தேன்

ஹூஸ்டனில் எங்கள் கடையை இரவு பதினோரு மணிக்குத் தனியாகப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவள் நான். கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கி பற்றி யோசித்தேன். எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே அமெரிக்கச் சட்டம் விடாது. நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

யாரைக் கேட்டாலும் பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் சரி என்றார்கள். காரணமும் நியாயமாகத்தான் பட்டது. பிஸ்டலில் தோட்டாவை ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதியான ஸ்லைடு இதில் இல்லை, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் ட்ரிக்கரை மறுபடி அழுத்தினால் போதும், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழன்று அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் என்றால் பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கியிருக்கும் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, அப்புறம்தான் சுட முடியும். கை நடுங்கும் நேரத்தில் அது சின்ன வேலை இல்லை.

சரி என்று சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் ஐந்து தோட்டா .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அரைக் கிலோகூட இருக்காது. சுட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த லேசான எடையேதான் வினை என்று. உதைப்பைத் தாங்க உலோகம் போதவில்லை, அத்தனையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் வந்து இறங்கியது. ட்ரிக்கர் வேறு நீளம், கனம். அழுத்தி முடிப்பதற்குள் குழல் முனை இடப்பக்கம் கீழே சாய்ந்துவிடும். ஏழு கஜ தூரத்தில் ஐந்தில் இரண்டுதான் இலக்கு வட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது தோட்டாப் பெட்டியைத் திறக்க மனமே வரவில்லை. பயிற்சிக்கே பயந்தால் ஆபத்தில் அதை எப்படி நம்புவேன்?

அடுத்து ஷீல்டு ஈசி என்ற பிஸ்டல், 2020-ல் வந்த 9 மி.மீ. மாடல். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமரை உள்ளே வைத்து ஸ்பிரிங்கை இலகுவாக்கியிருப்பதால் ஸ்லைடு என் கைக்கே வந்தது. மேகசினில் எட்டு, எட்டும் உள்ளங்கை அகலத்துக்குள். மணிக்கட்டைத் தளரவிட்டால் எந்தப் பிஸ்டலிலும் சுட்ட தோட்டாவின் காலி உறை சிக்கலாம், எனக்கும் இரண்டு முறை சிக்கியது, பிடியை இறுக்கியதும் நின்றது.

1986-ல் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்த துப்பாக்கிச் சண்டையைக் காட்டி, தோட்டா எண்ணிக்கைதான் முக்கியம், அதனால் பிஸ்டல்தான் என்பார்கள். எனக்கு அது காரணமே இல்லை, குறி தவறாததுதான் காரணம். கோட்டுப் பைக்குள்ளிருந்தே சுட வேண்டியவருக்கு ஹேமர் வெளியே தெரியாத ரிவால்வரையே சொல்வேன், பிஸ்டலின் ஸ்லைடு துணியில் மாட்டும்.

ட்ரிக்கரை முழுக்க மூடும் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, வாங்கியாயிற்று. வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான், உள்ளே நுழைந்ததும் துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும், அதன் பிறகுதான் செருப்பைக்கூடக் கழற்றுவேன்.