ஜாஸ் செய்தியாளருக்கு ஒரு கடிதம்: மலேசியா, சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜனவரி 6
ஏப்ரல் 30 அனைத்துலக ஜாஸ் தினம். யுனெஸ்கோ 2011-இல் அறிவித்தது. அதையொட்டி எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கச்சேரி; அதைப் பற்றி எழுதக் கேட்டு ஜாஸ் செய்தியாளருக்குக் கடிதம் போடவேண்டும். அச்சு மாத இதழ்கள் மூன்று மாதம் முன்பே பக்கத்தை நிரப்பத் தொடங்கிவிடும், அதனால் கடிதம் இந்த மாதமே போகவேண்டும். இணைய இதழுக்கு மூன்று வாரம் போதும். “தோட்டத்து மண்டபத்தில் கச்சேரி” என்பது வெறும் அறிவிப்பு. அதில் எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 9
செய்தியாளரை எழுத வைக்கும் பிடி கிடைத்தது: சார்லி மரியானோ. 1923-இல் பாஸ்டனில் பிறந்த ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர், புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸோடு வாசித்தவர். 1960-களில் மலேசியா வந்தபோது நாதஸ்வரம் கேட்டு, அதையும் கற்றுக்கொண்டார். இன்றும் தோட்டத்துக் கோயிலில் ஊதும் அந்த வாத்தியம் சாக்ஸபோனோடு சேர்ந்தால் என்ன ஆகும்? கடிதம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். “நம்ம ஊர்க் கோயிலில் கற்றார்” என்று ஆசைக்கு நீட்டினால் செய்தியாளர் ஒரே தேடலில் பிடித்துவிடுவார். பிறகு அடுத்த கடிதத்தையும் திறக்கமாட்டார்.

ஜனவரி 14
ஜாஸ் எழுதுபவருக்கு ருசிப்பது இது: நாதஸ்வரம் இரண்டரைக் கட்டை சுருதியில் இருந்தால், ஆதார சட்ஜம் (அடிப்படை ‘ஸ’) மேற்கத்திய இசையின் ஈ-பிளாட் சுரம். ஆல்ட்டோ சாக்ஸபோனில் ‘சி’ சுரத்துக்கு விரல் வைத்தால் ஒலிப்பதும் அதே சுரம். ஆனால் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கும்போது, சுரம் வழுக்கும்; சாக்ஸபோன் உதட்டை இறுக்கித் தளர்த்தித்தான் பின்தொடரவேண்டும். இரண்டு வரியில் இதைச் சொன்னால் போதும், புகழ்மாலை வேண்டாம்.

ஜனவரி 18
கடிதத்தோடு கேட்கக் கொடுக்கும் ஒலிப்பதிவு. நாதஸ்வரத்துக்கு மைக்கைச் சுமார் இரண்டு மீட்டர் தள்ளி, அணசுக்கு (வாத்தியத்தின் விரிந்த அடிவாய்க்கு) நேரே இல்லாமல் பக்கவாட்டில் வைக்கவேண்டும். கிட்ட வைத்தால் ஒலி உடையும், சாக்ஸபோன் காணாமல் போகும். தைப்பூசத்தில் எடுத்தது உதவாது, ஜெனரேட்டர் இரைச்சல்தான் மேலே நிற்கிறது.

ஜனவரி 21
கடிதம் 150 சொல்லுக்குள். தலைப்பில் கேள்வி. பாட்டுக் கோப்பை இணைக்கக்கூடாது, கேட்கும் லிங்க் ஒன்று. “3:20-இல் இரண்டும் சந்திக்கின்றன” என்று நிமிடம் குறிக்கவேண்டும். மூன்று நாளில் காலாவதியாகும் லிங்க் வீண். வாசிப்பவர் பெயர், வாத்தியம், படம் எடுத்தவர் பெயர் கீழே. இங்கே இரவு 8 மணிக்கு அனுப்பினால் நியூயார்க்கில் காலை 7.

பிப்ரவரி 1
பதில் இல்லை. ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரி. வாட்ஸ்அப்பில் துரத்தக்கூடாது. செய்தி “உங்களுக்கு மட்டும்” என்று கடிதத்தில் எழுதியிருந்தால், பிப்ரவரி 8 வரை என்று நாள் சொல்லிவிட்டு, அது கடந்த பிறகே அடுத்த செய்தியாளருக்கு.